சின்னத்திரைக்கு வந்த விருது

'கோலங்கள்' தொடர் ஓடிய காலத்தில் மரக்காணத்து உப்பளப் பெண்கள் இரவு ஒன்பதரைக்கு முன் பாய் விரித்ததில்லை. விடியுமுன் அளத்தில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் கரையேற்ற வேண்டியவர்கள். தூக்கம் குறைந்தாலும் தொடரின் நாயகி அபியை விட்டுப் போக மனம் வராது. மறுநாள் கூடை சுமக்கையில் வில்லன் ஆதி செய்த அநியாயம்தான் பேச்சு. திருச்செல்வம் இயக்கிய அந்தத் தொடர் 2003இல் தொடங்கி, 1,500 பகுதிகளைத் தாண்டி, 2009 டிசம்பரில் முடிந்தது. மழைக்காலம், பாத்திகளெல்லாம் தண்ணீருக்குள் கிடந்தன.

அந்த 2009ஆம் ஆண்டுக்கான தமிழக அரசின் சின்னத்திரை விருதுகள் அறிவிக்கப்பட்டது 2017 ஜூலையில். 2013 வரையிலான ஐந்தாண்டுகளுக்கும் சேர்த்து ஒரே அறிவிப்பு. கலைஞர்கள் கையில் விருது சேர்ந்தது 2022 செப்டம்பர் 4 அன்று, சென்னை கலைவாணர் அரங்கில். பதின்மூன்று ஆண்டுகள்! நினைக்க நினைக்க ஆற்றாமையாக இருக்கிறது. நாவல் நூலகத்தில் காத்திருக்கும். நெடுந்தொடர் அன்றாடம் உலையேறும் சோறு. சூடு இருக்கும்போதே பாராட்ட வேண்டாமா?

சின்னத்திரைக்கென்றே தரப்படும் அமெரிக்காவின் எம்மி விருது 1949 ஜனவரி 25 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தபோது அந்த நகரத்து நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. முதல் விருதை வாங்கியவர் ஷர்லி டின்ஸ்டேல், பொம்மையைப் பேசவைக்கும் இளம்பெண். கேமராவுக்குள் இருந்த படக்குழாயின் செல்லப்பெயர் 'இம்மி'. அதுவே எம்மி ஆயிற்று. சிலையை வடித்த லூயிஸ் மெக்மேனஸ் தன் மனைவியையே மாதிரியாக நிற்க வைத்தார். வீட்டுக்குள் வரும் கலைக்கு வீட்டுக்காரியின் உருவம்! எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

சர்வதேச எம்மியில் சிறந்த நாடகத் தொடர் விருதை இந்தியா முதன்முதலாகப் பெற்றது 2020 நவம்பரில், ரிச்சி மேத்தாவின் 'டெல்லி கிரைம்' மூலம். அருமையான தொடர், தகுதியான விருது. ஆனால் அது ஏழே பகுதிகள். ஒரு குழு ஒரே நாளில் உட்கார்ந்து பார்த்து முடித்துவிடலாம். ஆறாண்டு ஓடிய தொடரை எந்தக் குழு முழுதாகப் பார்க்கும்?

மரக்காணத்தில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கதை எங்கே தொய்ந்தது, எந்த நடிகை எப்போது உயிரைக் கொடுத்து நடித்தாள் என்று உப்பு வாரிக்கொண்டே சொல்வார்கள். தேர்வுக் குழுவில் அவர்களில் ஒருத்திக்கு நாற்காலி போடுங்கள்.