கணக்கரைத் தேர்ந்தெடுத்த வழிகள்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தை முன்வைத்து

ஒருவர் எழுதிய வரவு செலவுக் கணக்கைப் பிறர் எதன் பேரில் நம்புவது என்ற வினாவுக்குத் தமிழகம் காலந்தோறும் வெவ்வேறு விடைகளைக் கண்டுவந்துள்ளது. அரசனின் நியமனம், ஊர்ச்சபையின் ஒப்புதல், குடிப்பிறப்பு, பொதுத்தேர்வு என்னும் நான்கும் அவ்விடைகளுள் முதன்மையானவை. இன்று சி.ஏ. என்று வழங்கும் பட்டயக் கணக்காளர் தேர்வு ஏன் இத்துணைக் கடினமாக அமைந்தது என்பதை இப்பின்னணியில் வைத்தே விளங்கிக்கொள்ள இயலும். சோழர் தலைநகர், பாளையக்காரர் வழிவந்த ஜமீன்கள், சிமென்ட் ஆலைகள் ஆகிய மூன்றையும் கொண்ட பெரம்பலூர், அரியலூர் வட்டாரம் அவ்வரலாற்றைப் பார்ப்பதற்கு ஏற்ற களமாகும்.

முதலாம் இராசேந்திரன் (1014-1044) நிறுவிய கங்கைகொண்ட சோழபுரம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. சோழப் பேரரசின் நிலவரிக் கணக்குகளைப் பேணிய துறை புரவுவரித் திணைக்களம் எனப்பட்டது; அதன் அலுவலர்களைச் சோழர் கல்வெட்டுகள் படிநிலைப் பெயர்களோடு குறிக்கின்றன. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921), ஊர்ச்சபை வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி குடவோலைத் தேர்தலுக்குத் தகுதியற்றவர் என விதித்திருந்தன. கணக்கை ஒப்படைப்பதே பொதுப்பணிக்கு உரிய தகுதி என்னும் கருத்து இம்மண்ணுக்குப் புதிதன்று என்பதற்கு இவ்விதியே சான்று.

பிற்காலத்தில் ஊர்க்கணக்கு கர்ணம் அல்லது கணக்குப்பிள்ளை என்பவரின் கைக்கு வந்தது. அரியலூர், உடையார்பாளையம் ஜமீன்களின் காலத்திலும், ரயத்துவாரி என்னும் உழவரிடமிருந்து அரசு நேராக வரி பெறும் முறை நிலவிய ஊர்களிலும், சாகுபடிப் பரப்பு, தீர்வை, பாக்கி ஆகியவற்றைப் பதிந்தவர் அவரே. இப்பணிக்கு வேண்டிய அடிப்படைப் பயிற்சி திண்ணைப் பள்ளிகளில் கிடைத்தது. எண்சுவடியின் வாய்பாடுகளையும், முந்திரி (320-இல் ஒன்று), காணி (80-இல் ஒன்று), மா (20-இல் ஒன்று) போன்ற கீழ்வாயிலக்கங்களையும், நிலப்பரப்பைக் கணிக்கும் குழிமாற்றையும் மாணவர் ஏடு பாராமல் ஒப்புவிக்க வேண்டியிருந்தது. ஆயினும் அக்கல்வியில் எத்துணைத் தேர்ந்தவராயினும், கர்ணக் குடும்பத்தில் பிறவாதவருக்கு அப்பதவி எளிதில் எட்டுவதாயில்லை.

1895-ஆம் ஆண்டுச் சென்னைப் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் கல்வித் தகுதி ஒன்றை வற்புறுத்திய போதிலும் வாரிசுரிமையை விட்டுவிடவில்லை. பிறப்பை அடிப்படையாகக் கொண்ட இவ்வுரிமை அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1968-இல் தமிழகம் 1895-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம் உள்ளிட்ட பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை அவசரச் சட்டத்தால் ஒழித்து, அவற்றுக்கு மாற்றாகக் கிராம நிர்வாக அலுவலர் என்னும் முழுநேரப் பணியைத் தோற்றுவித்தது. அப்பணிக்குத் தேர்வாணையம் நடத்தும் போட்டித் தேர்வே வாயிலாயிற்று. ஒரு குடும்பத்தின் சொத்தாயிருந்த கணக்குப் பதவி, எவரும் படித்து அடையக்கூடிய ஒன்றாக மாறியது.

வணிக நிறுவனங்களின் கணக்கு இதே மாற்றத்தை முன்னதாகவே கண்டிருந்தது. தணிக்கையாளருக்குரிய தகுதியை 1913-ஆம் ஆண்டு இந்திய நிறுவனங்கள் சட்டம் வரையறுத்தது. 1918-இல் பம்பாய் அரசு கணக்கியல் பட்டயத் தேர்வைத் தொடங்கியது. அத்தேர்வை எழுதிய சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம், விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு வேலூர்ச் சிறையில் ஓராண்டு இருந்தவர். இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் என அறியப்படுபவர். சிறை சென்றவர் பதிவு பெற இயலாது என்ற தடையை எதிர்த்து வழக்காடி வென்று 1937-இல் தொழில் தொடங்கினார். 1949 ஜூலை 1-இல் இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் நடைமுறைக்கு வந்தபின், அதன் தென்னிந்திய வட்டாரக் குழுவுக்கு 1955 முதல் 1958 வரை தலைமை வகித்தார். தேர்வில் பெற்ற தகுதியைப் பால் வேறுபாடோ அரசியல் பகையோ மறுக்கலாகாது என்பதை அவர் வாழ்க்கை நிலைநாட்டியது.

கழகத்தின் தேர்வு இரண்டு தூண்களின் மேல் நிற்கிறது. ஒன்று எழுத்துத் தேர்வு: அடிப்படை, இடைநிலை, இறுதி என்னும் மூன்று கட்டங்களில் ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 விழுக்காடும், மொத்தத்தில் 50 விழுக்காடும் பெற வேண்டும். இடைநிலையிலும் இறுதியிலும் தாள்கள் குரூப் எனப்படும் இரு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒரு தொகுதியில் தவறினாலும், அதில் 60 விழுக்காடு பெற்ற தாளை அடுத்த மூன்று தேர்வுகள் வரை மீண்டும் எழுத வேண்டியதில்லை. ஆயினும் ஒரு பாடத்தில் மட்டும் வல்லவராயிருப்பது போதாது. எல்லாத் தாள்களிலும் சீராகத் தேறுபவரே முன்னேற முடியும். மற்றொன்று ஆர்ட்டிகிள்ஷிப் எனப்படும் தொழிற்பயிற்சி. தணிக்கையாளர் ஒருவரின் கீழ் உண்மையான பற்றுச்சீட்டுகளையும் பேரேடுகளையும் சரிபார்த்துப் பழகும் இக்காலம் நெடுங்காலம் மூன்றாண்டாக இருந்து, 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தில் இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது. பகலில் அலுவலகமும் இரவில் பாடமுமாக இவ்விரண்டையும் இணைத்து நடத்துவதே இத்தேர்வின் தனிக்கடுமை.

இத்தகுதியின் தேவையைப் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தின் பொருளியலிலேயே காணலாம். தொல்பழங்காலக் கடற்படிவுகள் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல் அரியலூரைச் சிமென்ட் நகராக்கியது; தமிழ்நாடு சிமென்ட் கழகத்தின் ஆலை 1979-இல் இங்கு உற்பத்தியைத் தொடங்கியது. அப்போது சிமென்ட் விலையை அரசே கட்டுப்படுத்தி வந்தது. 1982-இல்தான் அக்கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தது. ஒரு டன் சிமென்டுக்கு நிலக்கரி, மின்சாரம், கூலி ஆகியவை எவ்வளவு என்பதைப் பிரித்துக் காட்டும் அடக்கவிலைக் கணக்கியல், இத்தகைய தொழிலுக்கு இன்றியமையாததாயிற்று. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பு பெற்ற அடக்கவிலைக் கணக்காளர் தொழிலும் தனித் தேர்வுகளை உடையது. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகியவை பெருக விளையும் பெரம்பலூர்ப் பக்கத்தில் மாற்றம் வேறு வழியில் வந்தது. ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைக் கடந்த வணிகர் தம் கணக்கைத் தணிக்கை செய்விக்க வேண்டும் என 1984-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் விதித்ததும், 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்ததும், ஆலைக்கு மட்டுமன்றி மண்டிக்கும் ஆடிட்டரைத் தேவையாக்கின.

1995-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூரும், 2007-இல் பெரம்பலூரிலிருந்து நிலையாக அரியலூரும் தனி மாவட்டங்களாயின. இங்கிருந்து சி.ஏ. படிக்க முனையும் இளைஞருள் பலருக்குக் குடும்பத்தில் கணக்குத் தொழிலின் மரபு இல்லை. தொழிற்பயிற்சிக்குத் திருச்சிக்கோ சென்னைக்கோ செல்ல வேண்டியும் நேரிடுகிறது. தேர்வின் கடுமையைத் தளர்த்துவது அவர்களுக்குச் செய்யும் உதவியாகாது. முன்பின் அறியாத முதலீட்டாளரும் வங்கியும் அரசும் ஒரு கையொப்பத்தை நம்புவதற்கு அக்கடுமையே ஈடாக நிற்கிறது. குறைய வேண்டியவை பயிற்சிக்காக ஏற்கும் தொலைவும் செலவுமே. கர்ணத்தின் மகனுக்கு மட்டும் வாய்த்திருந்த பயிற்சி இவ்வட்டாரத்தின் எந்தச் சிற்றூர்ப் பிள்ளைக்கும் அருகிலேயே கிடைக்கும்போதுதான், பரம்பரை உரிமையை ஒழித்த சட்டங்களின் நோக்கம் முழுமை பெறும்.