ரெய்டு கார்டும் லினக்ஸும்: கொங்கு மின்வெட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் மலிவான பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஆளும் முறைக்கு ரெய்டு என்று பெயரிட்டனர். ஒரு டிஸ்க் பழுதானாலும் தரவு தப்பும் என்பதே அதன் பெரும்பயன். அந்த வேலையைத் தனிக் கார்டு செய்வதா, இயங்குதளமே செய்வதா? லினக்ஸில் இக்கேள்விக்கான விடை காலப்போக்கில் மாறியது. மின்வெட்டால் நொந்த கோவை, திருப்பூர் வட்டாரத்துக்கு இரண்டாவது விடையே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தில் சிக்கல் டிரைவர்தான். கார்டு நிறுவனங்கள் விவரம் தந்தால் டிரைவர் பிறக்கும், தராவிட்டால் இல்லை. மைலெக்ஸ் கார்டுகளுக்கு லெனார்ட் ஜுப்காஃப் எழுதிய டிரைவர், 2002இல் அவர் மறைந்த பின்னும் 2018 வரை லினக்ஸின் மையமான கர்னலில் இருந்தது. இன்னொரு கார்டான மெகாரெய்டைச் சந்தைக்குக் கொண்டுவந்த அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ், 1985இல் எஸ். சங்கர் இணைந்து நிறுவிய, சென்னையிலும் கிளை கொண்ட நிறுவனம். அதன் ரெய்டு பிரிவை 2001இல் எல்எஸ்ஐ லாஜிக் வாங்கியது.

கார்டின் பெயரை நம்பி டிரைவர் தேடியவர்கள் திண்டாடினர். டெல் சர்வரில் இருப்பது பெர்க் 3/டிசி கார்டு என்றால் மெகாரெய்டு டிரைவர் வேண்டும். பெர்க் 3/டிஐ என்றால் அடாப்டெக்கின் ஏஏசிரெய்டு டிரைவர் வேண்டும். ஓரெழுத்து வித்தியாசத்தில் டிரைவரே வேறு. நிறுவும்போது டிஸ்க்கே தெரியாவிட்டால், டிரைவரை ஃப்ளாப்பியில் ஏற்றி, ரெட் ஹேட் லினக்ஸின் பூட் வரியில் 'லினக்ஸ் டிடி' என்று தட்டித் தொடங்க வேண்டியிருந்தது.

பிராமிஸ், ஹைபாயின்ட் போன்றவற்றின் மலிவான கார்டுகள் இன்னும் மோசம். பயாஸ் திரையில் இரு டிஸ்க்கும் ஒன்றாகத் தெரியும். லினக்ஸுக்கோ அவை தனித்தனியே. ரெய்டுக் கணக்கைப் போடுவது விண்டோஸ் டிரைவர்தான், கார்டு அல்ல. ஒரு டிஸ்க்கில் மட்டும் லினக்ஸை நிறுவினால் இரண்டின் பொருத்தமும் குலைந்துவிடும். 2004இல் வந்த டிஎம்ரெய்டு என்னும் லினக்ஸ் கருவி, இக்கார்டுகள் டிஸ்க்கில் எழுதிவைக்கும் ரெய்டுக் குறிப்புகளைப் படிக்கக் கற்றது.

மறுபுறம் கர்னலின் சொந்த ரெய்டு 1996இல் 2.0 பதிப்பில் எளிய வடிவில் வந்து, 2001இல் 2.4இல் முழுமை பெற்றது. அதே ஆண்டில் நீல் பிரவுன் அதை ஆளும் எம்டிஅட்மின் கருவியை எழுதினார். டிஸ்க்குகளின் நிலையை அறிய ஒரு கோப்பைத் திறந்தால் போதும்: நலமான டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் ஒரு 'யூ', விழுந்ததன் இடத்தில் ஓர் அடிக்கோடு.

2008 முதல் 2013 வரை தமிழகம் கடும் மின்பற்றாக்குறையில் இருந்தது. 2012இல் சென்னைக்கு வெளியே பல மணி நேரம் மின்சாரம் இல்லை. கொங்குத் தொழில்கள் பெரிதும் பாதிக்கப்பட்டன. இத்தகைய மின்வெட்டு ரெய்டு 5 என்னும் வகைக்கு ஆபத்து: அதில் தரவும் அதன் சரிபார்ப்புக் கணக்கும் சேர்ந்தே எழுதப்பட வேண்டும். இடையில் மின்சாரம் போனால் இரண்டும் முரண்படும்; பின்னர் ஒரு டிஸ்க் பழுதானால் தவறான தரவே மீளும். விலையுயர்ந்த கார்டுகள் இதற்குப் பேட்டரி வைத்து, எழுதாத தரவைச் சுமார் 72 மணி நேரம் காத்தன. ஆனால் அந்தப் பேட்டரிக்கும் வயதாகும். அது தளர்ந்ததும் கார்டு தற்காலிக நினைவகத்தில் சேர்த்துவைப்பதை நிறுத்தும், சர்வர் மந்தமாகும். கவனித்து மாற்ற ஆள் வேண்டும். கர்னலில் இக்குறைக்குப் பதில் மெதுவாகவே வந்தது: 2005இல் மாறிய இடங்களை மட்டும் சரிபார்க்கும் பிட்மேப், 2016இல் 4.4 பதிப்பில், எழுதப்போவதை முன்பே குறித்துவைக்கும் ரெய்டு 5க்கான ஜர்னல்.

என் பார்வையில் தீர்மானிப்பது வேகமன்று, மீட்பு. கார்டு செத்தால் அதே வகைக் கார்டைத் தேட வேண்டியிருக்கும். கர்னல் ரெய்டின் டிஸ்க்குகளை வேறு எந்த லினக்ஸ் மெஷினில் மாட்டினாலும் எழும். 2009இல் எம்டிஅட்மின் 3.0, டிடிஎஃப் என்னும் பொது வடிவத்தையும் படிக்கத் தொடங்கியதால் சில கார்டுகளின் டிஸ்க்குகளும் பிழைக்கும். இதற்கிடையே 2019இல் ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8, பெர்க் 6 போன்ற பழைய கார்டுகளுக்கான ஆதரவைக் கைவிட்டது. ஓடிக்கொண்டிருந்த சர்வரில் புதிய பதிப்பை நிறுவப் போனவர்களுக்கு டிஸ்க் தெரியவில்லை.

பழைய சர்வர் வாங்கும் சிறு நிறுவனங்கள் கார்டை வெறும் இணைப்பியாக வைத்து, ரெய்டைக் கர்னலிடம் விடுவதே நல்லது. யூபிஎஸ்ஸுக்கும் தனிக் காப்புப் பிரதிக்கும் முதலில் பணம் ஒதுக்குங்கள்.