கேமராவுக்கு இரண்டு பக்கமும் நின்ற சாந்தாராம்

வி. சாந்தாராம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது நிறம்தான். 'ஜனக் ஜனக் பாயல் பாஜே'யின் டெக்னிகலர், 'நவரங்'கில் முன்பக்கம் பெண்ணும் பின்பக்கம் ஆணுமாக வேடம் கட்டி சந்தியா ஆடும் ஹோலிப் பாட்டு, பெரிய பெரிய செட்டுகள். பிலிமை வெட்டி ஒட்டியே வயிறு வளர்த்தவன் நான். அந்த நிறத்தையெல்லாம் மேசையில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அவர் படங்களில் என் கை தயங்கி நின்ற இடமெல்லாம் முகம் வரும் இடம். ஒரு குளோசப்பை இவர் இவ்வளவு நேரம் ஏன் விட்டுவைக்கிறார், எந்தத் தைரியத்தில் விட்டுவைக்கிறார் என்று பலமுறை யோசித்ததுண்டு. தன் முகத்தைக் கேமராவுக்குக் கொடுத்துப் பழகியவருக்குத்தான் அந்தத் தைரியம் வரும் என்பது என் முடிவு. சாந்தாராம் நடிகராகத் தொடங்கியவர். அந்தத் தொழிலை அவர் கற்றது கோலாப்பூரில்.

1901 நவம்பர் 18 அன்று கோலாப்பூரில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோது கந்தர்வ நாடக மண்டலியில் சேர்ந்தார். பால கந்தர்வரும் கோவிந்தராவ் டெம்பேயும் கணபத்ராவ் போடசும் 1913-ல் தொடங்கிய கம்பெனி அது. பெண் வேடத்தில் பால கந்தர்வர் மேடைக்கு வந்தால் மகாராஷ்டிரமே சொக்கிப்போன காலம். நம்மூர் பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள் சொல்லும் அனுபவம்தான் அங்கும்: சின்னச் சின்ன வேடம், மற்ற நேரமெல்லாம் எடுபிடி வேலை. அதன்பின் ஹூப்ளி. அங்கே ரயில்வே பட்டறையில் கொஞ்ச காலம், தகரக் கொட்டகை சினிமா ஒன்றில் வாசல் வேலையும் சில்லறை வேலைகளுமாகக் கொஞ்ச காலம். உறவினர் பாபுராவ் பெண்டார்கர் மூலமாக 1920-ல் கோலாப்பூரின் மகாராஷ்டிரா ஃபிலிம் கம்பெனிக்குள் நுழைந்தார். இந்தப் பெண்டார்கர் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். இந்தக் கதையில் அவர் அடிக்கடி வருவார்.

அன்றைய கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜா ஆண்ட ஊர். மல்யுத்தமும் சங்கீதமும் நாடகமும் அரண்மனை ஆதரவில் செழித்திருந்தன. அந்த ஊரில் பாபுராவ் என்றொரு மிஸ்திரி இருந்தார். நாடகத் திரைகளுக்கு ஓவியம் தீட்டியே பெயர் வாங்கியதால் ஊருக்கு அவர் பாபுராவ் பெயிண்டர். அவரும் உறவுக்காரர் ஆனந்தராவும் சேர்ந்து சொந்தமாக ஒரு சினிமா கேமராவைச் செய்யப் பாடுபட்டார்கள். வேலை முடியுமுன் ஆனந்தராவ் இறந்துவிட, பாபுராவ் விடாமல் முடித்தார். கடையில் வாங்கிய கேமராவைத் தொட்டவர்களுக்கும், பல்சக்கரம் பல்சக்கரமாகத் தானே அறுத்துக் கேமரா செய்தவருக்கும் இருக்கும் வித்தியாசம் அந்தக் கம்பெனியின் எல்லா வேலையிலும் தெரிந்தது.

அங்கே நடிகர் என்று தனி ஜாதி கிடையாது. காலையில் செட்டுக்கு வர்ணம் பூசியவர் மத்தியானம் கிரீடம் வைத்துக்கொள்வார், சாயங்காலம் லேபில் பிலிம் கழுவுவார். தாம்லேயும் ஃபத்தேலாலும் அப்படித்தான் உருவானார்கள். இருவரும் பின்னாளில் 'சந்த் துக்காராம்' எடுத்தவர்கள். தொங்கவிட்ட திரைக்கு முன்னால் ஆட்களை நிறுத்திப் படமெடுப்பது வழக்கமாயிருந்த காலத்தில், பாபுராவ் பெயிண்டர் ஆழமும் கனமும் உள்ள செட்டுகளைக் கட்டினார். காட்சியை எடுக்குமுன் தாளில் வரைந்து பார்த்தார். 1913-ல் பால்கேயின் ஹரிச்சந்திரா படத்தில் தாராமதியாக ஓர் ஆண்தான் நடிக்க முடிந்தது. 1920-ல் வந்த 'சைரந்திரி'யில் பெயிண்டர் பெண்களையே நடிக்கவைத்தார். அந்தப் பெண்கள் ஊராரிடம் பட்ட பேச்சுக்கு அளவில்லை. அவர்கள் இல்லாமல் இந்தத் தொழில் இல்லை என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடவேண்டும்.

இந்தப் பட்டறைக்குள் வந்த சாந்தாராமுக்கு 1921-ல் 'சுரேகா ஹரண்' படத்தில் கிருஷ்ணர் வேடம் கிடைத்தது. 1923-ல் 'சிங்ககட்'டில் சேலார் மாமா. கோட்டைப் போரில் சிவாஜியின் தளபதி தானாஜி விழுந்தபின் வாளெடுத்த கிழவர் அவர். அதை ஏற்ற சாந்தாராமுக்கு வயது இருபத்திரண்டுகூட ஆகவில்லை. இளமையில் முதுமையைக் கட்டிப் பார்த்தவர் என்பதை நான் சும்மா சொல்லவில்லை. 'குங்கூ' பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

1925-ல் 'சாவ்காரி பாஷ்'. வட்டிக்காரனின் சுருக்குக் கயிற்றில் நிலத்தை இழக்கும் விவசாயியின் கதை. நாராயண் ஹரி ஆப்தே எழுதியது. புராணமும் சரித்திரமும் மட்டுமே ஓடிக்கொண்டிருந்த காலத்தில், நிலம் போனதால் ஊரை விட்டு ஆலைக் கூலியாகப் போகும் ஓர் இளைஞனைத் திரையில் காட்டினார் பாபுராவ் பெயிண்டர். அந்த விவசாயி சாந்தாராம். கிருஷ்ணருக்கு மயிற்பீலி உண்டு, சேலார் மாமாவுக்கு வாள் உண்டு. இவனுக்கு ஒன்றும் கிடையாது. நகையும் கிரீடமும் இல்லாமல், வசனமும் இல்லாமல் ஒருவன் கேமரா முன் நின்று தன் நிலம் போனதைக் காட்டவேண்டும். ஒரு நடிகனுக்கு இதைவிடக் கடினமான பாடம் கிடையாது. அவர் இயக்குநராகச் செய்த நல்ல காரியங்களில் பாதிக்கு வேர் இந்த ஒரு வேடம் என்று நினைக்கிறேன்.

1927-ல் 'நேதாஜி பால்கர்' மூலம் இயக்கத்துக்கு வந்தார். 1929-ல் அவரும் தாம்லே, ஃபத்தேலால், தைபர் ஆகியோரும் பணம் போட்ட சீதாராம்பந்த் குல்கர்ணியும் சேர்ந்து கோலாப்பூரிலேயே பிரபாத் ஃபிலிம் கம்பெனியைத் தொடங்கினார்கள். சிவாஜியைப் பற்றிய அவர்களது ஊமைப்படத்துக்கு 'ஸ்வராஜ்யாசே தோரண்' என்று பெயர் வைத்தபோது, ஸ்வராஜ்யம் என்ற சொல்லைத் தணிக்கை அதிகாரிகள் ஏற்கவில்லை. படம் 'உதய்கால்' ஆயிற்று. அதில் சிவாஜியாக நடித்ததும் சாந்தாராமே. பேசும்படம் வந்ததும் 1932-ல் 'அயோத்யேச்சா ராஜா'. ஹரிச்சந்திரனாக நடித்தவர், சிறுவன் சாந்தாராம் வேலை பார்த்த அதே நாடகக் கம்பெனியின் கோவிந்தராவ் டெம்பே. தாராமதி, துர்கா கோட்டே. மூன்று வருஷம் கழித்து 'தர்மாத்மா'வில் பால கந்தர்வரே வந்து ஏகநாதராக, ஆண் வேடத்தில், சாந்தாராமின் கேமரா முன் நின்றார். படத்துக்கு முதலில் வைத்த 'மகாத்மா' என்ற பெயரை அனுமதிக்கமாட்டோம் என்றார்கள் அதிகாரிகள். அதனால்தான் 'தர்மாத்மா'.

1933-ல் பிரபாத் புனேவுக்கு இடம் மாறியது. அந்த வளாகத்தில்தான் 1960-ல் திரைப்படக் கல்லூரி வந்தது. நான் எடிட்டிங் படித்ததும் அங்கேதான். சென்னையிலிருந்து போன எங்களுக்குப் பிரபாத்தோடு ஓர் உறவும் உண்டு. எஸ். ராஜம் ராமராகவும் அவர் தங்கை ஜெயலட்சுமி சீதையாகவும் நடித்த 'சீதா கல்யாணம்' பிரபாத் தயாரிப்பு. பாபநாசம் சிவன் சினிமாவுக்குப் பாட்டமைத்தது அதில்தான் தொடங்கியது. சின்னஞ்சிறு எஸ். பாலச்சந்தரும் அதில் உண்டு. இயக்கியவர், நான் நினைவில் வைக்கச் சொன்ன அதே பாபுராவ் பெண்டார்கர்.

புனேயில் எடுத்த முதல் படம், 1934-ன் 'அம்ருத் மந்தன்'. நரபலி கேட்கும் ராஜகுருவாக சந்திரமோகன். தீவெளிச்சத்தில் சபை கூடியிருக்க, டெலிஃபோட்டோ லென்ஸ் அவரது கண் ஒன்றை மட்டும் எடுத்துத் திரை முழுக்க வைக்கும். இந்த ஷாட்டைப் பற்றி எழுதுபவர்கள் லென்ஸைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு வியப்பு வேறு. சந்திரமோகனுக்கு அதுதான் முதல் படம். ஒரு புது நடிகரின் முகத்தில் எது வேலை செய்யும் என்று பார்த்து, மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அந்த ஒன்றை மட்டும் நம்புவதற்கு நடிகனின் கண் வேண்டும்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது 1937-ன் 'குங்கூ'. இந்தியில் 'துனியா ந மானே'. கதை மறுபடியும் நாராயண் ஹரி ஆப்தேயுடையதுதான். தாய் தகப்பனில்லாத நீரா என்ற பெண்ணை, மாமா ஏமாற்றி ஒரு கிழ வக்கீலுக்குக் கட்டிவைத்துவிடுகிறார். அந்தப் பெண் அழுது அடங்கிப்போகிறவள் இல்லை. அந்த மனிதனைக் கணவனாக ஏற்கமாட்டேன் என்று அதே வீட்டில் நிமிர்ந்து நிற்கிறாள். நீராவாக சாந்தா ஆப்தே, வக்கீலாக கேசவ்ராவ் தாதே.

இந்தப் படத்தில் பின்னணி இசை கிடையாது. ஒரு எடிட்டருக்கு இது என்ன என்பதை விளக்கவேண்டும். இசை இருந்தால் வெட்டு மறைந்துபோகும். ஒரு ஷாட் அரை நொடி நீண்டுவிட்டாலும் வயலின் இழுத்துக் காப்பாற்றிவிடும். இங்கே அந்த ஊன்றுகோல் இல்லை. காலடி, பாத்திரம், கடிகாரம், கிராமபோன் என்று வீட்டுக்குள் உண்மையில் கேட்கக்கூடிய சத்தம் மட்டும்தான். ஸ்டீன்பெக் மேசையில் இந்தப் படத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தபோது, கிழவர் கண்ணாடி முன் நிற்கும் இடங்களில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். தாதேயின் முகத்தில் முதலில் ஒரு சின்னப் பெருமை. பிறகு கண்ணாடியில் தெரிகிற ஆளை அவரே அடையாளம் காண்கிறார். அதற்கப்புறம் பெருமை இறங்குகிறது. அந்த இறக்கம் முடியும்வரை ஷாட்டை வெட்டவில்லை. வேறு யாராக இருந்தாலும் பெருமையிலேயே வெட்டிவிட்டு, அடுத்த காட்சியில் பெண்ணின் வெறுப்புக்குப் போயிருப்பார்கள். கொட்டகையில் கைதட்டல் கிடைத்திருக்கும், கிழவர் வில்லனாகிப் போயிருப்பார். இருபத்தோரு வயதில் தாடி ஒட்டிக்கொண்டு முதுமையை நடித்துப் பார்த்தவர் சாந்தாராம். முதுமைக்கு உள்ளேயிருந்தும் பார்க்க அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் கடைசியில் அந்த மனிதர் நீராவுக்கு விடுதலை எழுதிவைத்துவிட்டு உயிரை விடும்போது, அவருக்காகவும் மனம் கனக்கிறது. நீரா நிமிர்ந்து நின்றது சரி என்பதிலும் ஒரு குறை வைக்கவில்லை.

1941-ன் 'ஷேஜாரி'யில், இந்தியில் 'படோசி'யில், இந்து முஸ்லிம் நண்பர்கள் இருவரைப் பகை பிரிக்கிறது, அணை உடையும்போது சாவு சேர்க்கிறது. இந்திப் படத்தில் முஸ்லிம் பெரியவராக இந்துவான கஜானன் ஜாகீர்தாரும், இந்துப் பெரியவராக முஸ்லிமான மஸர் கானும் நடித்தார்கள். தேசம் பிளவுபட ஆறு வருஷம் இருந்தபோது அவர் செய்த ஏற்பாடு இது. ஒருவன் இன்னொருவனின் உடையை உடுத்திப் பார்க்கவேண்டும் என்ற யோசனை நடிகனுக்கு இயல்பாக வரும்.

பிறகு பிரபாத்தை விட்டு வெளியேறி, 1942-ல் பம்பாய் பரேலில் ராஜ்கமலைத் தொடங்கினார். ராஜாராம் அப்பா பெயர், கமலா அம்மா பெயர். முதல் படம் 'சகுந்தலா' நூற்றிநான்கு வாரம் ஓடியது. 1946-ல் 'டாக்டர் கோட்னிஸ் கீ அமர் கஹானி'. சீனப் போர்முனைக்கு வைத்தியம் பார்க்கப் போய் அங்கேயே உயிர்விட்ட சோலாப்பூர் டாக்டரின் கதை. கோட்னிஸாக சாந்தாராமே மறுபடி கேமரா முன் வந்தார். கெட்டியான நடிப்பு, கொஞ்சம் விறைப்பானது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

1957-ன் 'தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்' அந்த விறைப்புக்கே ஒரு பொருளைக் கொடுத்தது. கொலைக் குற்றவாளிகள் ஆறு பேரைச் சிறையிலிருந்து கூட்டிப்போய், தரிசு நிலத்தைத் திருத்தவைத்து மனிதர்களாக்கும் வார்டர் ஆதிநாத். அவுந்த் சமஸ்தானத்தில் உண்மையிலேயே நடந்த திறந்தவெளிச் சிறைப் பரிசோதனைதான் கதைக்கு மூலம். சிறை மேலதிகாரியாக நடித்தவர் பாபுராவ் பெண்டார்கர். 1920-ல் கம்பெனிக்குள் கூட்டிவந்தவர் முப்பத்தேழு வருஷம் கழித்து எதிரே நின்று வசனம் பேசுகிறார்.

காய்கறி விலை குறைவதைப் பொறுக்காத வியாபாரி மாடுகளை ஏவிவிட, பயிரைக் காக்க ஆதிநாத் காளையோடு மல்லுக்கட்டிச் சாகிறார். அந்தக் காட்சியை டூப் வைத்து எடுத்திருக்கலாம். ஐம்பத்தைந்து வயதில் தானே இறங்கினார். கண்ணில் பலத்த காயம். கட்டுப் போட்ட கண்ணோடு படுக்கையில் கிடந்த அந்த நாட்களில்தான் நிறங்களைப் பற்றிய 'நவரங்' அவர் மனதில் உருவானது. தேவையில்லாத ஆபத்து என்று இன்று நாம் சொல்லலாம். காலையில் செட்டுக்கு வர்ணம் பூசி மத்தியானம் கிரீடம் வைத்த கோலாப்பூர்க்காரருக்கு, 'இது என் வேலை இல்லை' என்று ஒதுங்குவது தெரியாது. படத்துக்கு 1958 பெர்லின் விழாவில் வெள்ளிக் கரடி கிடைத்தது. 1975-ல் எம்.ஜி.ஆர். அந்த வார்டராக நின்று தமிழில் 'பல்லாண்டு வாழ்க' வந்தது.

1961-ல் 'ஸ்த்ரீ'யில் அறுபதை நெருங்கிய வயதில் துஷ்யந்தனாகத் தானே நடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. கேசவ்ராவ் தாதேயின் முகத்தில் முதுமையை அவ்வளவு நேர்மையாகப் பார்த்தவர், தன் முகத்தில் அதைப் பார்க்க மறுத்துவிட்டார். அதற்கடுத்த சில படங்களில் நிறம் ஏறியது, முகம் மங்கியது.

1972-ல் 'பிஞ்ச்ரா' எடுத்தார். ஒழுக்கத்தைக் கட்டிக்காத்த கிராமத்து வாத்தியார், தமாஷா ஆட்டக்காரியிடம் மனதைப் பறிகொடுத்துத் தன் பெயரையே இழக்கிறார். எழுபது வயதுக்காரருக்கு ஆசை விட்டிருக்காது என்றுதான் நினைத்துக்கொண்டு பார்க்கப் போனேன். வாத்தியார் வேடத்தை அவர் டாக்டர் ஶ்ரீராம் லாகூவிடம் கொடுத்திருந்தார். வைத்தியத் தொழிலை விட்டு நாடகத்துக்கு வந்தவர், சினிமா ரசிகர்களுக்கு அநேகமாகப் புதியவர். படிப்படியாக அழியும் அந்த முகத்தை, 'குங்கூ'வில் செய்ததைப்போலவே, இறக்கம் முடியும்வரை வெட்டாமல் வைத்திருந்தார் சாந்தாராம். அவர் அந்தப் படத்தில் நடிக்கவில்லை.