இரண்டு முறை விற்கப்பட்ட பாற்கட்டி

எனது தலைமுறை யாழ்ப்பாணத்தவர் பலருக்குப் பாற்கட்டி என்பது நீலநிறத் தகரப் பேணி ஒன்றினுள் அடைபட்டு, அவுஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி வந்த ஒரு பொருள். கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் எவரேனும் ஒரு பேணியைக் கொண்டுவந்தால், பாண் துண்டுகளின் மீது கடதாசி கனத்துக்குச் சீவி வைத்து எல்லோருக்கும் பங்கிடுவார்கள். அது எந்த ஊரில், எந்தப் பசுவின் பாலில் செய்யப்பட்டது என்று நாம் கேட்டதில்லை. பேணிக்கு ஊர் ஏது?

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வசிக்கும் எனது மருமகனிடம் இதைச் சொன்னபோது, "மாமா, சீஸுக்கும் ஊர் இருக்குது. ஒருநாள் வாங்கோ, காட்டுறன்" என்றான். அப்படித்தான் வட யோர்க்ஷயரில் உள்ள வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்குக்கு ஒரு காலையில் புறப்பட்டோம். பாற்கட்டியைச் சுவைப்பதற்கென்று போன எனக்கு, பத்திரிகைக்காரனின் பழக்கதோஷத்தால், சுவையைவிட அதன் வரலாறே பெரிதாகிப் போயிற்று.

முதலில் ஜேர்வோ மடாலயத்தின் இடிபாடுகளைப் பார்த்தோம். பிரான்சில் தோன்றிய சிஸ்டேர்சியன் சபைத் துறவிகள் 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் குடியேறினர். அங்கு குளிரும் வறுமையும் தாங்காமல், 1156இல் ஆற்றின் கீழ்ப்புறமாக இவ்விடத்துக்கு வந்து சேர்ந்தனர். வென்ஸ்லிடேல் பாற்கட்டியின் பூர்வீகம் இவர்களிடமிருந்தே சொல்லப்படுகிறது. அன்று அது ஆட்டுப்பாலில் செய்யப்பட்டது, செம்மறிகளின் பால். எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைக்கத் தொடங்கியபோது வட இங்கிலாந்து மக்கள் 1536இல் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சியில் தொடர்புபட்டவர் என்று இம்மடத்தின் அதிபர் ஆடம் செட்பார் லண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டு, 1537இல் கொல்லப்பட்டார். சிறைச் சுவரில் அவரது பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். துறவிகள் போயினர்; பாற்கட்டிக் கலை பண்ணைவீட்டுப் பெண்களின் கைகளுக்கு வந்தது. காலப்போக்கில் ஆட்டுப்பாலின் இடத்தைப் பசுப்பால் பிடித்தது.

அங்கிருந்து ஆற்றோரமாக மேற்கே சென்றால் ஹோஸ். மக்கள் தொகை ஆயிரத்துச் சொச்சம்தான். கல்வீடுகள், கற்சுவர்களால் பிரிக்கப்பட்ட புல்வெளிகள், எங்கும் ஆடுகள். ஊரின் ஓரத்தில் நிற்கிறது பாற்கட்டி ஆலை. பார்வையாளர்களுக்கான கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று வேலையைப் பார்க்கலாம். இளஞ்சூட்டில் உள்ள பாலில் உறைப்புரையும், கன்றின் இரைப்பையில் காணப்படும் வகையைச் சேர்ந்த நொதியமும் சேர்க்கப்படுகின்றன. பால் உறைந்ததும் கத்திகளால் வெட்டித் தெளிந்த நீரை வடித்து, மிஞ்சும் கட்டியை உடைத்து, உப்பிட்டு, அச்சுகளில் இட்டு அழுத்துகிறார்கள். மரவள்ளிமாவை நீத்துப்பெட்டியில் வைக்குமுன் உதிர்க்கும் எம்மூர்ப் பெண்களின் விரல்களை, அந்தக் கட்டியை உடைக்கும் கைகள் எனக்கு நினைவூட்டின.

சுவைப்பதற்கென்று வைத்திருந்த துண்டுகளில் இளம் வென்ஸ்லிடேல் வெண்மையாக, உதிரும் தன்மையோடு, இலேசான புளிப்பும் பின்னர் தேன்போன்ற ஒரு இனிமையும் தந்தது. யோர்க்ஷயர்க்காரர் இதனைப் பழக் கேக்குடன் சேர்த்து உண்பர். கேக்கோடு சீஸா என்று முகஞ்சுளித்தேன். இரண்டாவது துண்டைக் கேட்டு வாங்கியதும் நான்தான். உலர்பழங்கள் கலந்த வகைகளைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. அவை சுற்றுலாப் பயணிகளுக்கானவை.

இந்த ஆலையின் கதை 1897இல் தொடங்குகிறது. எட்வேர்ட் சப்மன் என்ற தானிய வணிகர், சுற்றுப்புறப் பண்ணைகளின் பாலை வாங்கி ஓரிடத்தில் பாற்கட்டி செய்யத் தொடங்கினார். 1930களின் பொருளாதார மந்தத்தில் ஆலை கடனில் மூழ்கியது. 1933இல் அமைக்கப்பட்ட பால் சந்தைப்படுத்தல் சபை விவசாயிகளின் பாலுக்கு நிச்சயமான விலையைக் கொடுத்தது உண்மை. ஆனால் ஹோஸின் பாலை வெளியூர்ப் பெரிய நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பிவிடலாம் என்ற யோசனையும் அதனுடன் வந்தது. அவ்வாறு நடந்திருந்தால் ஆலை அன்றே முடிந்திருக்கும்.

அதைத் தடுத்தவர் கிட் கல்வேர்ட். கல்லுடைக்கும் தொழிலாளி ஒருவரின் மகன். பக்கத்துச் சிற்றூரில் 1903இல் பிறந்தவர். ஊர் மண்டபத்தில் கூட்டம் கூட்டி, விவசாயிகளிடமும் கடைக்காரர்களிடமும் பணம் திரட்டி, 1935இல் ஆலையை ஊராரின் சொத்தாக்கினார். பிற்காலத்தில் ஹோஸில் பழைய புத்தகக் கடை நடத்தியவர், விவிலியத்தின் பகுதிகளைத் தமது பள்ளத்தாக்கின் பேச்சுமொழியில் பெயர்த்தவர் என்பதையும் அறிந்தபோது, இவரை நேரில் சந்திக்கக் கிடைக்கவில்லையே என்று இருந்தது. 1984இல் அவர் காலமானார்.

இரண்டாம் உலகப் போர் அடுத்த அடி. பால் முழுவதையும் நீண்டகாலம் கெடாத 'அரசாங்கச் செடர்' வகைக்குத் திருப்புவதே போர்க்காலக் கொள்கை. 1941இல் பங்கீடு தொடங்கியபோது ஒருவருக்கு வாரத்துக்கு ஒரு அவுன்ஸ் பாற்கட்டியே கிடைத்தது. பங்கீடு 1954வரை நீடித்தது. அதற்குள் பண்ணைவீடுகளில் பாற்கட்டி செய்யும் வழக்கம் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. போருக்கு முந்திய வென்ஸ்லிடேல் மென்மையானது. பெரும்பாலும் நீலப் பூஞ்சணம் ஓடியது. நாம் இன்று மரபு என்று சுவைக்கும் வெண்ணிறக் கட்டி, பெருமளவு அந்தப் பஞ்சகாலம் விட்டுச்சென்ற வடிவமே. துறவிகளின் படத்தை ஒட்டி விற்போர் இதை உரத்துச் சொல்வதில்லை.

கல்வேர்ட் 1953இல் புதிய ஆலையைத் திறந்தார். 1966இல், ஐந்து இலட்சம் பவுணுக்கு, அது விற்கப்பட்டது. வாங்கியது வேறு யாருமல்ல, அதே பால் சந்தைப்படுத்தல் சபை. பின்னர் சபையின் உற்பத்திப் பிரிவான டெயரி கிரெஸ்ட் நிறுவனத்தின் கீழ் ஆலை வந்தது. 1992 மே மாதம் அந்நிறுவனம் ஹோஸ் ஆலையை மூடியது. 59 பேர் வேலையிழந்தனர். ஆயிரம் பேர் வாழும் ஊரில் 59 என்பது எத்தனை வீடுகள் என்று கணக்கிட்டுப் பாருங்கள். அதனினும் கசப்பானது, வென்ஸ்லிடேல் உற்பத்தியை லங்காஷயருக்கு மாற்றும் முடிவு. 15ஆம் நூற்றாண்டின் ரோஜாப் போர்களில் யோர்க், லங்காஸ்டர் என்று பிரிந்து நின்ற இரு அரச குடும்பங்களின் பகை, அவற்றின் பெயரைச் சுமக்கும் இவ்விரு மாவட்டங்களின் கேலிப் பேச்சில் இன்றும் உயிரோடு இருக்கிறது. தமது ஊரின் பெயரைத் தாங்கிய உணவு அந்தப் பக்கத்தில் செய்யப்படும் என்பதை ஹோஸ்காரர் பொறுக்கவில்லை.

ஆறு மாதம் கழிந்து, வேலையிழந்த முகாமையாளர்கள் சிலர் உள்ளூர் வணிகர் ஒருவருடன் சேர்ந்து ஆலையை வாங்கினர். பழைய தொழிலாளரில் ஒருசிலரே முதலில் அழைக்கப்பட்டனர். அவர்களுக்கு எதிர்பாராத உதவி ஒரு களிமண் பொம்மையிடமிருந்து வந்தது. நிக் பார்க் உருவாக்கிய, பாற்கட்டிப் பிரியரான வொலஸும் அவரது நாய் குரோமிற்றும் நடிக்கும் 1995ஆம் ஆண்டுப் படத்தில் வென்ஸ்லிடேலின் பெயர் உச்சரிக்கப்பட்டது. அச்சொல்லைச் சொல்லும்போது பொம்மையின் வாய் அழகாக விரியும் என்பதே அவர் அதைத் தெரிந்தெடுத்த காரணம். ஆலையின் இக்கட்டு அவருக்குத் தெரியாது! விற்பனை பெருகியது. 2013இல் 'யோர்க்ஷயர் வென்ஸ்லிடேல்' என்ற பெயர் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப் பாதுகாப்பைப் பெற்றது. வெறும் 'வென்ஸ்லிடேல்' என்று எவரும் எங்கும் செய்யலாம். யோர்க்ஷயர் என்று முன்னே சேர்த்தால் அது இப்பள்ளத்தாக்கில்தான் செய்யப்பட வேண்டும்.

கதை இங்கே முடிந்திருந்தால் ஆலையின் கடையில் அதை அப்படியே எழுதி வைக்கலாம். முடியவில்லை. கனடாவின் மொன்றியல் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சபூட்டோ நிறுவனம் 2019இல் டெயரி கிரெஸ்டை வாங்கியது. அதே சபூட்டோ 2021இல், 2 கோடி 30 இலட்சம் பவுணுக்கு, ஹோஸ் ஆலையின் நிறுவனத்தையும் வாங்கியது. மூடியவரும் மீட்டவரும் கட்டிய இரு வீடுகளும் இன்று ஒரே முதலாளியின் கூரைக்குக் கீழே.

இதை மருமகனுக்கு விளக்கியபோது அவன் சிரித்தான். "சபூட்டோவோ? மொன்றியலில சித்தி வீட்டுப் பிரிட்ஜிலயும் அந்தப் பெயர்தான் மாமா." அவன் சொன்னதில் இன்னொரு வரலாறு இருக்கிறது. சிசிலித் தீவிலிருந்து பிழைப்புக்காகக் குடிபெயர்ந்த ஒரு பாற்கட்டித் தொழிலாளியின் குடும்பம், 1954இல் ஐந்நூறு டொலரும் ஒரு சைக்கிளுமாகத் தொடங்கிய வியாபாரமே சபூட்டோ. புலம்பெயர்ந்த ஒருவனின் சைக்கிளைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் 1935இல் ஊர் மண்டபத்தில் எடுக்கப்பட்ட முடிவு, அடுத்த முறை தேவைப்பட்டால் கடல் கடந்து எடுக்கப்படும் என்பதை மறைக்கவும் இயலவில்லை.

மாலையில் ரிபிள்ஹெட் ரயில்பாலத்தின் இருபத்துநான்கு வளைவுகளைக் கடந்து திரும்பும் வழியில், செற்றில் நகருக்கு அருகே பாற்கட்டிக் கடை ஒன்றில் நிறுத்தினோம். பக்கத்துப் பள்ளத்தாக்கான நிடர்டேலில், அருகிவரும் வடபுலக் குறுங்கொம்புப் பசுக்களை வளர்க்கும் ஒரு பண்ணைக் குடும்பம், காய்ச்சாத பாலில் பழைய முறைப்படி வென்ஸ்லிடேல் செய்யத் தொடங்கியிருக்கிறது. துணி சுற்றிய அக்கட்டி மஞ்சள் சாயலோடு, வெண்ணெய்போல் மென்மையாக இருந்தது. ஹோஸின் புளிப்பு இதில் அடங்கி, புல்லின் மணம் மேலோங்கியது. விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இரண்டிலும் ஒவ்வொரு துண்டு வாங்கினோம். வீடு திரும்பியதும் தங்கை தேநீரோடு அவற்றை வைத்தாள். ஹோஸின் துண்டு முதலில் தீர்ந்தது. பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்திருந்தது.