ஜன்னலோரம் ஆடிய பிள்ளை



பழைய ஆண்டு விழாப் படங்கள் கிடைத்தன. மூன்றாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் கும்மி, கோலாட்டம், பையன்கள் ஒயிலாட்டம். அப்படிப் பிரித்தவன் நான்தான்.

கேட்டால் வழக்கம் என்பேன். நம் கொங்குப் பக்கம் கோயில் திருவிழாவில் காலில் சலங்கை, கையில் துணியோடு வரிசையில் நின்று ஒயிலாடியவர்கள் ஆண்களே. வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளி ஒயில் கும்மி, பெயரில் கும்மி இருந்தாலும், பெரும்பாலும் ஆண்கள் ஆட்டமாகவே இருந்தது. கோவைப் பகுதி பத்ரப்பன் ஐயா அதை மாற்றிப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 2024-இல், 87 வயதில், அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். செய்தியைப் படித்ததும் பெருமையோடு வெட்கமும் வந்தது.

சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் கைதட்டித் தாளம், அப்புறம் காலடி, கடைசியில்தான் துணி. முதலிலேயே துணியைக் கொடுத்தால் அதை வைத்து அடித்துக்கொள்வார்கள்! பையன்களுக்கு இப்படிச் சொல்லிக்கொடுக்கும்போது, ஜன்னலோரம் ஒரு சிறுமி அத்தனை அடியும் பிசகாமல் ஆடிக்கொண்டிருப்பாள். "போய் உட்காரு கண்ணு" என்று அனுப்பிவிட்டேன்.

பெயரை எழுதவில்லை. அவளுக்குத் தெரியும். இதைப் படித்தால் ஒரு வரி எழுது, கண்ணு. உன் மகள் ஒயில் ஆடுகிறாளா?