தோட்டத்துத் தமிழாசிரியரின் கடனும் கைம்முதலும்

கிள்ளானிலிருந்து பந்திங் நோக்கிச் செல்லும் பழைய சாலையில், செஞ்சாரோமுக்கு முன்னதாக அமைந்துள்ளது தெலுக் பங்லிமா காராங். இன்று தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் நெருங்கி நிற்கும் இவ்வூரைச் சுற்றிலும் ஒரு காலத்தில் இரப்பரும் தென்னையும் பின்னர்ச் செம்பனையும் செழித்து நின்றன. லங்காட் ஆற்றைக் கடந்தால் கேரித்தீவு. தெற்கே சென்றால் ஜுக்ரா. கோல லங்காட் மாவட்டத்தின் தோட்டங்களில் தமிழர் குடியேறிய வரலாற்றைப் பலர் எழுதியுள்ளனர். பால்வெட்டுத் தொழிலாளியின் கண்ணீரும் கங்காணியின் கைத்தடியும் அவ்வரலாறுகளில் உரிய இடம் பெற்றுள்ளன. ஆனால் அதே தோட்டத்தில், வெள்ளை வேட்டியுடன் கரும்பலகையின் முன் நின்றவரின் பணப்பை எந்நிலையில் இருந்தது என்பதைக் கேட்டவர் மிகச் சிலரே.

தோட்டப்பள்ளி எவரும் விரும்பி ஈன்ற பிள்ளை அன்று. ஒருங்கிணைந்த மலாய் மாநிலங்களில் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1923ஆம் ஆண்டுச் சட்டமும், ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருத்தல் வேண்டும் என்று விதித்தன. சட்டம் விதித்ததேயன்றி, யார் ஆசிரியர், அவருக்கு என்ன ஊதியம் என்பனவற்றைத் தோட்ட நிருவாகத்தின் நல்லெண்ணத்திற்கே பெரிதும் விட்டுவிட்டது. நிருவாகத்தின் நல்லெண்ணமோ இரப்பர் விலையோடு ஏறி இறங்குவது. ஆகவே எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ, கிராணியோ, அவருடைய உறவினரோ வாத்தியாராயினர். பிள்ளைக் கொட்டகையின் ஒரு மூலையே பல தோட்டங்களில் பள்ளியாயிற்று.

இவ்வாசிரியரின் பொருளியல் நிலையில் ஒரு விந்தை உண்டு. தொழிலாளியின் பார்வையில் அவர் மாதச் சம்பளக்காரர், உத்தியோகத்தர். துரையின் பார்வையிலோ கிராணிக்கும் கீழ்ப்பட்டவர். ஊரார் தரும் மரியாதைக்கு ஏற்ப உடுத்த வேண்டும். திருவிழாவுக்கு முதல் நன்கொடை எழுத வேண்டும். கலியாண வீட்டில் மொய்ப்பணம் வைக்க வேண்டும். கடுதாசி எழுதுவதும், ஊருக்கு மணியார்டர் படிவம் நிரப்புவதும், மனு எழுதுவதும் அவர் கடமையாயின. அவற்றுக்குக் கூலி கேட்பது மரியாதைக் குறைவு. இவ்வாறு மதிப்பு மிகுதியும் வருவாய் குறைவுமாக இருப்பவனே எந்நாட்டிலும் எளிதில் கடனாளி ஆகிறான். வறியவன் கூசாமல் கஞ்சி குடிப்பான், வாத்தியார் கூசுவார்.

கடன் எங்கே கிடைத்தது? முதலாவது, தோட்டத்துக்கு அருகில் இருந்த மளிகைக்கடை. பற்றுப் புத்தகத்தில் மாதம் முழுவதும் எழுதிவைத்து, சம்பளநாளில் தீர்ப்பது வழக்கம். இங்கே வட்டி என்று எதுவும் எழுதப்படுவதில்லை. பொருளின் விலையிலேயே அது கரைந்திருக்கும். பற்றுவைத்துள்ளவர் வேறு கடைக்குப் போக முடியாது என்பதே கடைக்காரரின் பிணையம். இரண்டாவது, கிள்ளான் பட்டணத்தின் அடகுக்கடை. மனைவியின் தாலிக்கொடி தவிர ஏனையவை அங்கே போய் வருவதுண்டு. மூன்றாவது, கையொப்பமிட்ட கடன்சீட்டின் பேரில் கிடைக்கும் பணம். நூறு வெள்ளிக்கு மாதம் இரண்டு வெள்ளி என்று ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கேட்பதற்கு அது சிறிதுதான். ஆண்டுக்கு இருபத்து நான்கு வெள்ளி. நான்கு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் கழிந்தால் வட்டியே நூறு வெள்ளி ஆகிவிடும். முதல் அப்படியே நிற்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இக்கணக்கைக் கற்பித்தவரே, தம் வீட்டில் இக்கணக்குக்கு விடை காணமுடியாமல் இருந்தார்.

நான்காவது, 'கூட்டு'. பத்துப்பேர் சேர்ந்து மாதம் இருபது வெள்ளி போட்டால் இருநூறு வெள்ளி திரளும். அவசரம் உள்ளவர் கழிவு கூறி ஏலத்தில் எடுப்பார். அவர் நாற்பது வெள்ளியை விட்டுக்கொடுத்து நூற்றறுபது வாங்கினால், அந்த நாற்பது மற்றவர்களுக்கு ஆதாயம். முதலில் எடுப்பவர் கடன் வாங்கியவர். கடைசியில் எடுப்பவர் சேமித்தவர். இருவரையும் கட்டியிருப்பது நம்பிக்கை ஒன்றே. நடத்துபவர் ஊரைவிட்டு மறைந்தால் கடைசி ஆட்களின் சேமிப்பும் மறையும். இந்த ஏமாற்றங்கள் பெருகிய பின்னரே 1971இல் கூட்டுநிதித் தடைச் சட்டம் மலேசியாவில் இயற்றப்பட்டது. சட்டம் வந்த பின்னும் கூட்டு முற்றாக ஒழிந்துவிடவில்லை. வங்கி மதிக்காதவரைக் கூட்டு மதித்தது என்பதை மறந்துவிட்டு அதனைப் பழிப்பது எளிது.

ஆசிரியர் கடனுக்கு ஆசிரியரே விடை தேடிய முன்மாதிரி ஒன்று தமிழகத்தில் உண்டு. அது மலாயாத் தமிழரோடும் தொடர்புடையது என்பதால் சற்று விரிவாகக் காண்பது தகும். 1869இல் தஞ்சை மாவட்டத்து வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் குடும்பத்தில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார், கும்பகோணம் கல்லூரியில் பயின்று, மாயவரத்தில் பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கினார். பின்னர்ச் சேலத்திலும் சென்னையிலும் பணியாற்றி, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். சென்னை ஆசிரியர் சங்கத்தை உருவாக்கியதிலும் அவருக்குப் பங்குண்டு. 1904இல் அவரும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து தொடங்கியதே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம். இந்தியக் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தில் 1844இல் இருபத்தெட்டுப் பேர் சேர்ந்து கூட்டுறவுக் கடை திறந்த கதையை உலகம் அறியும். திருவல்லிக்கேணியின் நுட்பமும் அதுவே. மாதச் சம்பளக்காரனின் பணம் கடன் வாங்கும்போது மட்டுமன்றி, அரிசியும் பருப்பும் வாங்கும்போதும் கசிகிறது. கடையே வாங்குபவனுக்குச் சொந்தமானால், விலையில் மறைந்துள்ள இலாபம் அவனுக்கே திரும்பிவிடும். சரியான எடையும் நியாய விலையும் ஒரு குமாஸ்தாவின் மாதக் கடைசியை எவ்வளவு நீட்டித் தரும் என்பது, மாதக் கடைசியை அறிந்த ஒருவருக்கே தோன்றக்கூடிய எண்ணம். அப்பால் சாஸ்திரியார் தலைமையாசிரியர் பதவியையும் துறந்து, கோகலே 1905இல் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, சொற்ப உதவித்தொகையில் பொதுவாழ்வு மேற்கொண்டார். பொருளில் தன்னுரிமை என்பதைச் செல்வம் சேர்ப்பது என்று அவர் கொள்ளவில்லை. தேவையைச் சுருக்கியே அதனை எய்தினார். குடும்பச் சுமையுள்ள எல்லா ஆசிரியர்க்கும் அவ்வழி ஒத்துவரும் என்று சொல்வது கொடுமையாகும்.

இதே சாஸ்திரியார்தான் 1936ஆம் ஆண்டின் இறுதியில், இந்திய அரசின் சார்பில், மலாயாவின் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய வந்தார். 1937இல் வெளியான அவருடைய அறிக்கை, ஆண்களுக்கு ஐம்பது காசும் பெண்களுக்கு நாற்பது காசுமாக இருந்த பழைய நாட்கூலியை மீட்டுத் தரவேண்டும் எனப் பரிந்துரைத்தது. அறிக்கை மென்மையாக இருந்தது என்று மலாயா இந்தியத் தலைவர்கள் குறைபட்டுக்கொண்டனர், அக்குறை நியாயமானதே. திருவல்லிக்கேணியில் எடைக்கல்லைக் கூடச் சரிபார்க்கத் துணிந்த தலைமையாசிரியர், மலாயாவில் துரைமாரின் தராசைச் சற்றுத் தள்ளி நின்றே பார்த்தார் எனலாம். நான்கே ஆண்டுகளில், 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் வெடித்தது. கூலி உயர்வோடு, துரைக்கு முன் சைக்கிளில் ஏறிச் செல்லும் உரிமையும், கள்ளுக்கடை மூடலும், பிள்ளைகளுக்கு முறையான கல்வியும் அக்கோரிக்கைகளுள் இருந்தன. தோட்டப்பள்ளியின் நிலை தொழிலாளியின் உள்ளத்தையும் உறுத்தியது என்பதற்கு இது சான்று.

மலாயாவில் கூட்டுறவுச் சட்டம் 1922இல் பிறந்தது. கேவெண்டிஷ் என்பார் அதன் முதல் இயக்குநர். முதலில் பதிவுபெற்றது அஞ்சல் தந்தித் துறை ஊழியரின் சிக்கன கடனுதவிச் சங்கம். அரசு ஊழியர்கள் வட்டிக்கடனில் மூழ்கிக் கிடந்தமையே அதற்குத் தூண்டுகோல். பின்னர்த் தோட்டத் தொழிலாளரிடையேயும் சிக்கனச் சங்கங்கள் தோன்றின. இவற்றின் அமைப்பு எளிது. மாதந்தோறும் குறித்த தொகையைச் சேமிக்க வேண்டும். சேமிப்பையும் இரு சகஊழியரின் பிணையையும் கொண்டு கடன் பெறலாம். செலுத்தும் வட்டி ஆண்டிறுதியில் பங்கு ஈவாக உறுப்பினர்க்கே திரும்பும். இதில் ஒரு முள்ளும் உண்டு. கடன் வாங்கியவர் கட்டத் தவறினால் பிணை நின்றவரின் சம்பளத்தில் பிடித்தம் விழும். ஆசிரியர் அறைகளில் பல நட்புகள் இம்முள்ளில் கிழிந்தன.

போர் வந்தது. ஜப்பானியர் அச்சிட்ட வாழைமரத் தாள்கள் 1945இல் ஒரே நாளில் குப்பையாயின. அத்தாளில் சேமித்தவர் அழிந்தார். கடனை அத்தாளில் கொடுத்துத் தீர்த்தவரோ சிரித்தார். சிக்கனத்தைப் போதித்த வாத்தியார்களுக்கு இதனைவிடக் கசப்பான பாடம் வேறில்லை.

போருக்குப் பின் நிலை மாறத் தொடங்கியது. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஊழியர் சேமநிதி தோன்றியது. தொடக்கத்தில் தொழிலாளி ஐந்து விழுக்காடும் முதலாளி ஐந்து விழுக்காடும் செலுத்தினர். 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும், அதன் வழிவந்த 1957 கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளியை நாட்டின் கல்வி முறைக்குள் கொணர்ந்தன. ஊதியத்துக்குத் துரையின் முகம் பார்த்த நிலை தளர்ந்தது. 1967இல் தேசிய ஆசிரியர் சங்கம் நடத்திய வேலைநிறுத்தமும், அதன்பின் அமைந்த அசீஸ் ஆணையமும் ஆசிரியப் பணியின் ஊதியத்தையும் நிலையையும் சீர்ப்படுத்த வழிகோலின. ஒரே வகுப்பை நடத்தியும் ஆணைவிடக் குறைந்த சம்பளம் பெற்ற ஆசிரியைகளின் குறையும் அக்காலத்தில்தான் தீரத் தொடங்கியது.

ஆயினும் ஊதியம் வளர்ந்த அதே காலத்தில் வீடு பறிபோயிற்று. ஐம்பதுகளில் ஆங்கிலக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடியும் விற்றனர். இத்தோட்டத் துண்டாடலை ஆராய்ந்து உங்கு அப்துல் அசீஸ் 1962இல் அறிக்கை அளித்தார். தொழிலாளியின் லயமும் ஆசிரியரின் வீடும் தோட்டத்தின் சொத்தே. இருபது முப்பது ஆண்டு ஒரே ஊரில் கற்பித்தவருக்கு அவ்வூரில் ஒரு முழ நிலமும் இல்லை என்ற உண்மை அப்போதுதான் உறைத்தது. கடனில்லாமல் இருப்பதும் கைம்முதல் உடையவராய் இருப்பதும் வெவ்வேறு என்பதனைத் துண்டாடல் கற்பித்தது.

இதற்கு விடையாகவே, அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் விளங்கிய சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் பத்து வெள்ளி என்று தோட்டம் தோட்டமாகச் சென்று பங்கு திரட்டப்பட்டது. அப்பணத்தால் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலியன வாங்கப்பட்டன. பத்து வெள்ளி அன்று சிறு தொகை அன்று. மளிகைக்கடைக்காரரிடம் ஒரு மாதம் தவணை சொல்லிவிட்டுக் கட்டியவர்களும் இருந்திருப்பர். வட்டிக்காரனிடமிருந்து தப்புவதே முன்னைய கூட்டுறவின் நோக்கம். மண்ணுக்கு உடைமையாவது இக்கூட்டுறவின் நோக்கம். தமிழரின் பொருளியல் சிந்தனையில் இது பெரியதொரு தாவல்.

எல்லாக் கூட்டுறவும் இவ்வாறு நின்றுவிடவில்லை. 1986இல், வைப்புத்தொகை திரட்டி வந்த 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகள் முடக்கப்பட்டன. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரின் சேமிப்பு சிக்கிக்கொண்டது. உறுப்பினர் கணக்கைக் கேளாமல் ஈவை மட்டும் கேட்ட இடங்களில் கூட்டுறவு என்னும் சொல் வெறும் பெயர்ப்பலகையாயிற்று.

இன்றைய ஆசிரியரின் கடன் வேறு உருவம் கொண்டது. சம்பளப் பிடித்தமே இப்பொழுது பிணையம். 1971இல் அமைந்த கூட்டுறவுச் சங்கங்களின் தலைமை அமைப்பான அங்காசா வழியே, கூட்டுறவுக் கடன்கள் சம்பளத்திலிருந்து நேரே கழிகின்றன. கழிவுகள் வருவாயில் அறுபது விழுக்காட்டை மிஞ்சலாகாது என்று அரசு விதிக்க நேர்ந்ததே நோயின் அளவைக் காட்டும். ஆசிரியரை வட்டிக்கடையிலிருந்து மீட்கப் பிறந்த இயக்கம், எளிதில் கடன் கிடைக்கும் வாயிலாகவும் மாறியுள்ளது. பிள்ளையின் மேற்படிப்புக்குப் பெறும் கடனும், புதிய காருக்கும் கலியாண விருந்துக்கும் பெறும் கடனும் சம்பளச் சீட்டில் ஒரே வகை எண்களாகவே அச்சாகின்றன.

தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்தில் மரங்கள் நின்ற நிலத்தில் இன்று வரிசை வீடுகள் நிற்கின்றன. பொதுத்துறை ஊழியரின் வீட்டுக்கடனை 2016 முதல் தனி வாரியம் ஒன்று வழங்கி வருகிறது. தோட்டத்து வீட்டின் சாவியை ஓய்வுநாளன்று திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறிய தலைமுறைக்குப் பின், தம் பெயரில் பட்டா உள்ள வீட்டிலிருந்து பள்ளிக்குப் புறப்படும் தலைமுறை வந்துள்ளது. பட்டா மட்டும் கடன் தீரும் வரையில் ஈட்டிலிருக்கும்.