எண்ணெயில் பதிந்த பற்றீரியாத் தடம்

பற்றீரியா தின்ற எண்ணெயில் எது முதலில் மறையும், எது கடைசிவரை நிற்கும் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. கடலில் சிந்திய எண்ணெய் எங்கிருந்து வந்ததென்று தேடவும் அந்த ஒழுங்கே உதவுகிறது. இலங்கையின் அம்பாறைக் கரை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அதன் அடியில் இருப்பது விஜயன் தொகுதியின் உருமாறிய பாறை. எண்ணெய் ஊற அது இடமில்லை. பொத்துவில் முதல் கல்முனை வரை கரைவலை இழுக்கும் இந்தக் கரைக்கு எண்ணெய் கப்பலில்தான் வந்தது. 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி சங்கமன்கண்டிக்கு அப்பால் ‘நியூ டயமண்ட்’ என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பற்றியது. குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப்புக்குப் போன அக்கப்பலில் சுமார் 2,70,000 தொன் மசகு எண்ணெய் இருந்தது. பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் இறந்தார். மசகு எண்ணெய்த் தாங்கிகள் தப்பின. கடலில் படர்ந்தது கப்பலின் சொந்த எரிபொருள். இப்படி இரு எண்ணெய்களைப் பிரித்தறிய வேண்டிய இடத்தில் ஆய்வாளர் நாடுவது, பற்றீரியா எளிதில் தொடாத ஹோப்பேன், ஸ்டெரேன் மூலக்கூறுகளை.

இந்த அறிவு நிலத்தடியிலிருந்தும் வந்தது. 1926இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் எட்சன் பாஸ்டின் எண்ணெய் வயல் நீரில் சல்பேற்றை ஒடுக்கும் பற்றீரியாவைக் கண்டார். அது துளையிடும்போது மேலிருந்து போய்ச் சேர்ந்ததாக இருக்கலாம் என்ற ஐயம் நெடுநாள் நீடித்தது. அது நியாயமான ஐயம்தான். துளையிடும் சேற்றில் எதுதான் இல்லை?

தீர்ப்பை எண்ணெயே சொன்னது. கெடாத எண்ணெயை வாயு நிறப்பதிவுக் கருவியில் செலுத்தினால், நேர்ச்சங்கிலி அற்கேன்கள் சீப்பின் பற்கள்போல் வரிசையாக நிற்கும். பற்றீரியா புகுந்த எண்ணெயில் அந்தப் பற்கள் உதிர்ந்து, கருவியாலும் பிரிக்க முடியாத கலவையின் மேடு மட்டும் எஞ்சும். கிளைச்சங்கிலியுள்ள பிரிஸ்டேனும் பைட்டேனும் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கடும் சிதைவில் ஹோப்பேனும் ஒரு மெதைல் கூட்டத்தை இழந்து 25-நோர்ஹோப்பேனாகும். எஞ்சும் எண்ணெய் தடித்து அமிலம் ஏறும். கனடாவின் அதபாஸ்கா தார்மணல் அப்படி ஆனதே.

மழைநீரோடு இறங்கிய ஒட்சிசனே இந்தச் சிதைவுக்குக் காரணம் என்பது பல பத்தாண்டுகளாக நிலவிய கருத்து. ஒட்சிசன் எட்டாத ஆழத்துக்கு அது பொருந்தவில்லை. ஆழத்தில் சிதைவுக்கு எல்லை வகுப்பது வெப்பமே. சுமார் 80 பாகை செல்சியசுக்கு மேல் சிதைவு நின்றுவிடுகிறது. ஒருமுறை அவ்வளவு சூடேறிப் பற்றீரியா அழிந்த படுகை, பிறகு மேலெழுந்து ஆறினாலும் அதன் எண்ணெய் பெரும்பாலும் கெடாமலே கிடக்கிறது என 2001இல் விளக்கம் வந்தது. 2004இல் சிதைந்த எண்ணெய்களில் ஐதரசன் ஏறிய நப்தோயிக் அமிலங்கள் கிடைத்தன. ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் பற்றீரியா விட்டுச்செல்லும் மிச்சம் அது. அச்சிதைவின் முடிவில் மெதேன் உருவாகும் வழியை 2008இல் ஆய்வுகூடச் சோதனைகள் காட்டின.